எறும்பு மொய்த்த பம்ப் ரூம்

அத்தியாயம் 3

துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டால் ஜில்லாவில் நடக்கிற கொலையெல்லாம் வாசலில் வந்து வரிசையில் நிற்கும் என்றுதான் வெயிலுமுத்து நம்பியிருந்தார். வந்ததெல்லாம் மாப்பிள்ளைகள். மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலை நிஜமா, ஏற்கெனவே எங்கேயாவது ஒரு தாலி கட்டியிருக்கிறானா என்கிற விசாரணைகள். இரண்டு வருஷத் துப்பறியும் வாழ்க்கையில் பாதியை அவர் பிராந்திக்கடை வாசலில், அடுத்தவன் குடிக்கிறானா என்று பார்த்தே கழித்திருந்தார். அதனால் புதன்கிழமை காலையில் ஜெனரேட்டர் திருட்டு என்று ஒரு கேஸ் வந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், பொருளு எத்தன கிலோ இருக்கும்?" என்று கேட்டார் ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து.

"எண்பது கிலோவாம்."

"ஆத்தாடி! இதுவரைக்கும் நாம விசாரிச்ச மாப்பிள்ளையில ஒருத்தனும் அந்த எடைக்கு வரமாட்டான்."

ஸ்கூட்டரை ஓட்டிய பிரேமலதா சிரிக்கவில்லை. அவள்தான் நிலையத்தின் முதலாளி. நாற்பது வயது. புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் செக்கிங் செக்ஷனில் இருந்தவள். ஆயிரம் சட்டையில் ஒரே ஒரு சட்டைக்குப் பட்டன் ஓட்டை கோணலாக இருந்தாலும் அதை உருவி வெளியே போடுகிற கண். அந்தக் கண்ணை நம்பித்தான் கோவில்பட்டியில் போர்டு மாட்டினாள். வெயிலுமுத்து எட்டயபுரம் ரூட்டில் முப்பது வருஷம் தனியார் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆனபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், வீட்டம்மாளுக்கும் அவர் சும்மா இருப்பது பிடிக்காமல், இவளிடம் வந்து சேர்ந்தவர். இந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத ஊர் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் யார் டிக்கெட் எடுக்காமல் வருவான் என்பது வரைக்கும் தெரியும்.

கேஸ் இதுதான். எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது மேலச்சுனைப்பட்டி. அந்த ஊர் டிரான்ஸ்பார்மர் கருகிப் பதினோரு நாளாகிறது. கரண்டு இல்லாவிட்டால் போர் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் டேங்க்கில் தண்ணீர் ஏறாது, ஏறாவிட்டால் நூற்றிருபது வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் கரிசல் காட்டில் நடக்க வேண்டும். இதைப் பார்த்து மனம் இளகிய ஊர்த் தலைவர் சோலைச்சாமி, சொந்தக் காசில் இரண்டு பேர் தூக்குகிற மாதிரி ஒரு ஜெனரேட்டர் வாங்கி ஊருக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தடபுடலாகத் திறப்பு விழா. திங்கட்கிழமை காலையில் ஜெனரேட்டரைக் காணோம். பம்ப் ரூம் பூட்டு உடையவில்லை. சாவி டேங்க் ஆப்பரேட்டர் செல்வமாரியிடம் இருந்தது.

"இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊர்க்கூட்டம்" என்றாள் பிரேமலதா. "அதுக்குள்ள ரிப்போர்ட் வேணுமாம் சோலைச்சாமி அண்ணாச்சிக்கு. சாவி வச்சிருந்தவதான் களவாண்டான்னு ரிப்போர்ட்டுல வந்துட்டா செல்வமாரிக்கு வேலை போகும். பேரும் போகும். அந்த ஊர்ல அவ எப்படி இருப்பா?"

"ரிப்போர்ட்டுல என்ன வரணும்னும் அவியளே சொல்லிட்டாவளா?"

"வரி வரியாச் சொல்லிட்டாவ."

"ஏறுததுக்கு முன்னாலேயே எறங்குத எடத்தச் சொல்லுத பாசஞ்சர். முப்பது வருஷத்துல இப்படி ஒரு தங்கமான ஆள நான் பாத்ததில்ல மேடம்."

பம்ப் ரூம் என்பது பத்துக்குப் பத்தில் ஒரு சிமெண்ட் பெட்டி. புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கதவில் புதுப் பூட்டு. வாசலில் காய்ந்த மாலை ஒன்று தொங்கியது. எதிரே நாற்காலி போட்டு சோலைச்சாமி உட்கார்ந்திருந்தார். நாற்பது ஏக்கர் கரிசலும் அதற்குத் தகுந்த மீசையும் உள்ள மனுஷர். இந்த வருஷம் பங்குனியில் அவர் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையை விசாரித்துச் சொன்னது பிரேமலதாதான்.

"வாம்மா! அன்னிக்கு என் மருமகப்பிள்ளையப் புட்டுப் புட்டு வச்சியே, அதே மாதிரி இதையும் வச்சிரு" என்றார். "இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? பூட்டு அப்படியே இருக்கு. சாவி இந்தா நிக்காளே, இவகிட்ட இருந்துச்சு. முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோன கேஸுக்கு எங்கள எதுக்கு அண்ணாச்சி கூப்பிட்டீய?" என்றார் வெயிலுமுத்து.

"ஊர்ல நாலு பேரு நாளைக்கு, தலைவரு தான்தோன்றியா முடிவெடுத்தாருன்னு சொல்லிரப்பிடாதுல்லா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

செல்வமாரி கதவோரமாக நின்றிருந்தாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். அழுது தீர்த்துவிட்டு, அழுததைக் கழுவிவிட்டு வந்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, சாவி எங்கிட்ட இருந்தது நெசம்" என்றாள். "திங்கக்கெழம காலையில தொறந்தப்ப உள்ள ஒண்ணுமில்ல. நாந்தான் போயி அண்ணாச்சிகிட்ட மொதல்ல சொன்னேன். களவாண்டவ போயிச் சொல்லுவாளா?"

"ஞாயித்துக்கெழம என்ன நடந்துச்சு? ஒண்ணுவிடாமச் சொல்லு."

"மாலை போட்டாவ, பூஜை போட்டாவ, ஸ்டார்ட் பண்ணுனாவ. மோட்டார் ஓடி டேங்க்ல தண்ணி விழுந்துச்சு. எல்லாரும் கையத் தட்டுனோம். இருபது நிமிசம் இருக்கும், மிஷினு இருமுன மாதிரி ஒரு சத்தம். குபுகுபுன்னு புகை. நின்னுபோச்சு. புது மிஷினு, களைச்சிருக்கும், ரெஸ்ட் எடுக்கட்டும்னு அண்ணாச்சி சொன்னாவ. கதவைப் பூட்டி எங்கிட்ட சாவியத் தட்டுல வச்சுக் கொடுத்தாவ. எல்லாரும் சாப்பிடப் போயிட்டோம்."

"பூஜை நடக்கும்போது நீ உள்ள இருந்தியா?"

செல்வமாரி சோலைச்சாமியை ஒரு பார்வை பார்த்தாள். "இல்லக்கா. வெளிய நில்லுன்னாவ. மிஷினக் கொண்டாந்த கடைக்காரரு ஒரு புத்தகத்தக் கொடுத்து, இத ரூமுக்குள்ள வச்சு ஓட்டாதீய, புகை ஆளக் கொன்னுரும், வெளிய வச்சுத்தான் ஓட்டணும்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு. அத அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். புத்தகத்தையும் படிச்சுப் பாருங்கன்னேன்."

"அதுக்கு?"

"வால்வு திருகுதவ எனக்குப் பாடம் எடுக்கியாட்டின்னாவ."

சோலைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நாலு பெண்கள் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தலைவர் முன்னால் திறந்து பழக்கமில்லை.

பிரேமலதா உள்ளே போனாள். சாமி படம், அதன் கீழே அணைந்துபோன விளக்கு, சுவரில் மோட்டார் சுவிட்ச் பெட்டி, கூரையில் கரிப்புகை படிந்த கறுப்பு. தரையில் ஜெனரேட்டரின் நாலு ரப்பர் கால்கள் அழுத்தின தடம். அந்த நாலு தடத்துக்கும் நடுவே கைக்குட்டை அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. அவள் குனிந்தாள். பிறகு குந்தியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெயிலுமுத்து அண்ணாச்சி, இங்கன வாங்க."

வெயிலுமுத்து எட்டிப் பார்த்தார். கறையைச் சுற்றிச் சிவப்பெறும்புக் கூட்டம். சுவர் விரிசலிலிருந்து வரிசை கட்டி வந்துகொண்டே இருந்தன.

"சாட்சி சொல்ல வந்திருக்காவளோ?" என்றார்.

பிரேமலதா கறையைக் கைக்குட்டையில் ஒற்றி எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பூட்டு புதுசா இருக்கே அண்ணாச்சி?"

"அதுவும் என் உபயம்தான்" என்றார் சோலைச்சாமி. ஜெனரேட்டரின் இரண்டு பக்கமும் 'உபயம்: சோலைச்சாமி' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்ததாம். அந்தப் போட்டோவைக் கைபேசியில் காட்டினார். மிஷின் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எழுத்து அவ்வளவு பெரியது. மிச்சமிருந்த இடத்தில் மாலை.

"சரி அண்ணாச்சி. அஞ்சு மணிக்கு ரிப்போர்ட்டோட வாரோம்" என்று பிரேமலதா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஊர் எல்லை தாண்டியதும் அவள் கேட்டாள்: "அண்ணாச்சி, எஞ்சின் ஆயில்ல எறும்பு மொய்க்குமா?"

"எங்க பஸ்ஸு முப்பது வருஷம் ஆயில் ஒழுகிக்கிட்டே ஓடுச்சு. ஒரு எறும்பும் ஏறுனதில்ல."

அவள் வண்டியை ஓரங்கட்டி, கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். வெயிலுமுத்து மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தார்.

"இது தோசைக்கு ஊத்துததுல்லா!"

"செக்கு நல்லெண்ணெய். எள்ளோட கருப்பட்டி சேத்துப் போட்டு ஆட்டுவாவ. அதான் எறும்புக்கு விருந்து."

"இதுல என்ன இருக்கு மேடம்? பூஜைக்கு வெளக்கு ஏத்தியிருப்பாவ, கொட்டியிருக்கும்."

"வெளக்கு இருந்தது சாமி படத்துக்குக் கீழ. கறை இருக்கது மிஷினுக்கு அடியில. புது ஜெனரேட்டர் கடையிலிருந்து வரும்போது எஞ்சின்ல ஆயில் இருக்காது. வாங்குனவங்கதான் ஊத்தணும். எந்த ஆயிலு, எவ்வளவுன்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கும். புத்தகத்தப் படிக்காம, ஆயில் ஊத்தணும்னு மட்டும் காதுல வாங்குன ஒரு ஆளு…"

வெயிலுமுத்துவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தேவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எஞ்சினுக்கு நல்லெண்ணெயா? தீவாளிக் குளிப்பாட்டா?"

"மொத ஊத்து மங்களகரமா இருக்கட்டும்னு ஊத்தியிருப்பாவ. அதுவும் குறைவில்லாம, வழிய வழிய. இருபது நிமிசத்துல எண்ணெய் காய்ஞ்சு மிஷினு செத்துருச்சு."

"அப்ப கொன்னது ஒருத்தன், களவாண்டது இன்னொருத்தனா?"

"நீங்க களவாணின்னா ஓடாத மிஷினத் தூக்குவீயளா?"

"நான் எதுக்கு மேடம் தூக்குதேன்? எனக்கு இடுப்புவலி."

"களவாண்டவன் விக்கப் பாப்பான். கெடுத்தவன்தான் யாருக்கும் தெரியாம ரிப்பேருக்குத் தூக்கிட்டு ஓடுவான். புதுப் பூட்டு வாங்குனா எத்தன சாவி கொடுப்பான்?"

"மூணு."

"ஒண்ணுதான தட்டுல வந்துச்சு?"

வெயிலுமுத்து சிரிப்பை நிறுத்தினார். அவர் மனசுக்குள் உடனே ஒரு முகம் வந்து நின்றது. சோலைச்சாமியின் அக்காள் மகன் இசக்கிமுருகன். முப்பது வயசாகியும் மாமன் லோடு வண்டியை ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவன். சில்லறை இல்லை என்று சொல்லியே பத்து வருஷம் ஓசியில் பஸ்ஸில் போனவன்.

"அந்தப் பயதான் மேடம். மாமனுக்குத் தெரியாம ஊத்தி, மாமனுக்குத் தெரியாமத் தூக்கியிருக்கான். பாவம் சோலைச்சாமி, வீட்டுக்குள்ளேயே ஆளு இருக்கது தெரியாம ஊரான் வீட்டுப் பிள்ளையச் சந்தேகப்படுதாரு."

"எட்டயபுரத்துல கொடுத்திருக்க மாட்டான்" என்றாள் பிரேமலதா. "அங்க எல்லார் கைபேசியிலயும் அந்தப் போட்டோ சுத்தியிருக்கும். கோவில்பட்டிதான். பட்டறை எத்தன இருக்கு?"

"ஜெனரேட்டரு பாக்குதது நாலு. ரெண்டு பேரு எங்க பஸ்ஸுல ஏறுவாங்க. ஒருத்தன் டிக்கெட் எடுப்பான்."

முதல் பட்டறையில் இல்லை. இரண்டாவதில் ஆளே இல்லை, சாப்பிடப் போயிருந்தான். மூன்றாவது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அழகிரிசாமியின் பட்டறை. இறங்கும்போதே வெயிலுமுத்துவின் மூக்கு விரிந்தது. கிரீஸும் பெட்ரோலும் நாற வேண்டிய இடத்தில் பணியாரம் சுட்ட வாசனை வந்தது.

அழகிரிசாமி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கழுத்தில் கண்ணாடி, காதில் ஸ்குரு டிரைவர்.

"ஐயா, எண்பது கிலோவுல ஒரு ஜெனரேட்டர்…" என்று ஆரம்பித்தார் வெயிலுமுத்து.

"வந்துட்டீயளா! நீங்கதான பிரேமலதா மேடம்?" என்றார் அழகிரிசாமி, வெயிலுமுத்துவைத் தாண்டி அவளைப் பார்த்து. "நேத்துலயிருந்து நாலு தடவ போன் போட்டேன். எடுக்கவே மாட்டீயளே? உங்க ஜெனரேட்டர் ரெடி."

உலகத்தில் உள்ள மாப்பிள்ளைகளின் மர்மங்களையெல்லாம் கண்டுபிடித்த பிரேமலதா, தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். தெரியாத நம்பரிலிருந்து நாலு மிஸ்டு கால். லோன் வேணுமா என்று கேட்கிற ஆள் என்று நினைத்து ஒன்றையும் எடுக்கவில்லை.

"என் ஜெனரேட்டரா?" என்றாள்.

"மேடம்" என்றார் வெயிலுமுத்து மெதுவாக, "ரிப்போர்ட்ட மாத்தி எழுதணும் போலிருக்கே. களவாணி நம்ம ஆபீஸ்லயே இருக்காவ."

"சும்மா இருங்க அண்ணாச்சி. ஐயா, இத யாரு கொண்டாந்தது? என்னிக்கு?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணு மணி. கோயில் ஜெனரேட்டர்னாங்க. லோடு வண்டியில ஒரு எளவட்டம் ஓட்டிக்கிட்டு வந்தான். பக்கத்துல ஒரு பெரியாளு, துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு எறங்காமலே உக்காந்திருந்தாரு. மிஷினு மேல சாக்கு சுத்தியிருந்துச்சு. அவுத்துப் பாத்தா உபயம்னு இவ்வளவு பெருசா எழுதியிருக்கு. அதத் தெறக்காதீங்க, மூடியே வைங்கன்னு வண்டிக்குள்ளயிருந்து சத்தம் போடுதாரு. தன் பேரச் சாக்குப் போட்டு மூடச் சொன்ன உபயதாரர என் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கேன்."

"மிஷினுக்கு என்ன?"

"மிஷினு நல்ல மிஷினும்மா. அஞ்சு கேவி. ஒன்றரை ஹெச்பி மோட்டார அலுங்காம இழுக்கும். எஞ்சினத் தொறந்தேன், ஒரு லிட்டருக்கு மேல நல்லெண்ணெய். அது கொள்ளுததே அரை லிட்டரு சொச்சம். பிளக்குலயிருந்து பில்டர் வரைக்கும் எண்ணெய் ஏறி வறுபட்டுப் போயிருக்கு. ரெண்டு நாளு கழுவி, சரியான ஆயில ஊத்தி இப்ப ஜம்முன்னு ஓடுது. ஆனா என் பட்டறையில இன்னமும் யாருக்கும் வேல ஓடல. எல்லாருக்கும் பசிக்கி."

"என் பேரு எப்படி வந்துச்சு?"

"பேரு, போன் நம்பர் கேட்டேன். அந்த எளவட்டம் திருதிருன்னு முழிச்சான். வண்டிக்குள்ளயிருந்து பெரியாளு பையில கையவிட்டு ஒரு கார்டத் தூக்கிக் கொடுத்தாரு."

அழகிரிசாமி ரசீதுக் கட்டைப் புரட்டி நீட்டினார். பின் அடித்திருந்தது பிரேமலதா துப்பறியும் நிலையத்தின் விசிட்டிங் கார்டு. அவள் அதைத் திருப்பினாள். பின்பக்கம் நீல மையில் இரண்டு வரி. அவளுடைய கையெழுத்தேதான்.

'மாப்பிள்ளை சுத்தம். முன்பல் இரண்டு மட்டும் கட்டியது.'

வெயிலுமுத்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார். பல் கட்டின மாப்பிள்ளை இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

"இது சோலைச்சாமி மருமகப்பிள்ளைல்லா?"

"பங்குனியில அவிய கையில நானே கொடுத்த கார்டு. சட்டைப் பையிலயே வச்சிருந்திருக்காவ. மீசைக்குப் பொருத்தமில்லன்னு கண்ணாடி போட மாட்டாவ. அன்னிக்கும் நாந்தான் வாசிச்சுக் காட்டுனேன். அதனாலதான் அந்தப் புத்தகத்தையும் படிக்கல. கார்டுல இருக்கது உரக்கடைக்காரனா, மெக்கானிக்கா, நானான்னும் பாக்கல. கைக்குச் சிக்குனதக் கொடுத்துட்டாவ."

"அப்ப இசக்கிமுருகன் வெறும் டிரைவருதானா?"

"ஊத்துனது மாமன். தூக்குனதும் மாமன். ஊர் முழுக்கச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ரெண்டாவது சாவியப் போட்டுத் தொறந்து தூக்கிட்டு வந்துட்டாவ. ராவோட ராவா ரிப்பேர் பாத்துத் திரும்ப வச்சிரலாம்னு நெனச்சிருப்பாவ. ரெண்டு நாளு ஆகும்னு இவரு சொல்லிட்டாரு. திங்கக்கெழம காலையில செல்வமாரி கதவத் தொறந்துட்டா."

"உண்மையச் சொல்லிருக்கலாம்ல? எண்ணெய மாத்தி ஊத்திட்டேன்னு?"

"சொன்னா ஊரு சிரிக்கும்ல அண்ணாச்சி."

வெயிலுமுத்து வாயைத் திறந்தார். ஒரு ஜோக்கும் வரவில்லை. ஊர் சிரிக்கும் என்று பயந்து ஒருத்தன், ஒரு குடும்பத்துப் பெண்ணைக் களவாணி என்று ஊருக்கு முன்னால் சொல்லியிருக்கிறான். ரிப்போர்ட் வேறு கேட்டிருக்கிறான், அதுவும் எவள் கார்டைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தானோ அவளிடமே. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அழகிரிசாமி" என்றார். "லோடு ஆட்டோ ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சாக்கையும் அப்படியே சுத்திவிடுங்க."

ஐந்து மணிக்கு பம்ப் ரூம் முன்னால் ஊரே கூடியிருந்தது. கரண்டு இல்லாததால் கோயில் மைக்கை பேட்டரியில் மாட்டியிருந்தார்கள். சோலைச்சாமி நடு நாற்காலியில். பக்கத்தில் அவர் சம்சாரம் பாலம்மாள். பின்னால் இசக்கிமுருகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்வமாரியை உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தனியாக நின்றாள். அவள் மகளை யாரோ பள்ளிக்கூடத்தில் என்னமோ சொல்லிவிட்டார்கள் என்று இரண்டு நாளாகப் பிள்ளை வீட்டிலேயே இருப்பதாகப் பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

"ரிப்போர்ட்ட வாசிம்மா" என்றார் சோலைச்சாமி.

பிரேமலதா மைக்கை வாங்கினாள். "விசாரிச்சதுல ஒண்ணு உறுதியாயிட்டு. பூட்டு உடையல. சாவி வச்சிருந்தவங்கதான் ஜெனரேட்டர எடுத்திருக்காங்க. அதுல சந்தேகமே இல்ல."

கூட்டம் சலசலத்தது. செல்வமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சோலைச்சாமியின் கை மீசைக்குப் போனது.

"புதுப் பூட்டுக்கு மூணு சாவி. ஒண்ணு செல்வமாரிகிட்ட. மிச்ச ரெண்டு யாருகிட்ட இருக்கு அண்ணாச்சி?"

மீசையில் இருந்த கை அங்கேயே நின்றது. அந்த நேரத்தில் லோடு ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து அழகிரிசாமி இறங்கினார். வெயிலுமுத்து பின்னால் ஏறிச் சாக்கை உருவினார். சிவப்பு எழுத்து வெயிலில் பளபளத்தது.

"யோவ், வண்டி ஓட்டுனது நீதான?" என்று அழகிரிசாமி இசக்கிமுருகனைப் பார்த்துக் கேட்டார். "துண்டு போட்டு மூடிக்கிட்டிருந்த பெரியாளு எங்க?"

இசக்கிமுருகன் மாமனைப் பார்த்தான். அது போதும் ஊருக்கு. அதற்கு மேல் பிரேமலதா கார்டை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தபோது, பாலம்மாள் எழுந்து, "மருமவனுக்குப் பல்லு கட்டுன விசயத்த எங்கிட்டச் சொல்லவே இல்லியே நீங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

"இப்ப என்ன?" என்று எழுந்தார் சோலைச்சாமி. "என் காசு, என் பொருளு. நான் எடுத்தேன். என்ன தப்பு?"

"உபயம்னு எழுதிக் கொடுத்தபொறவு அது என்ன உங்க பொருளு?" கூட்டத்தில் இருந்து கேட்டது மீனாட்சியம்மாள். வாய்க்குப் பேர்போனவள்தான், ஆனால் தலைவரிடம் இதுவரைக்கும் திறந்ததில்லை. "மூணு நாளா எங்கள வெயில்ல நடக்கவிட்டுட்டு, அந்தப் பிள்ளையக் களவாணியாக்கிட்டு, என்ன தப்புன்னா கேக்கீய?"

சோலைச்சாமி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பிடித்துக்கொள்ள ஒரு முகமும் கிடைக்கவில்லை. பெருந்தன்மைக்கு மாறிக்கொண்டார். அது அவருக்குக் கைவந்த கலை.

"சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. பொருளு வந்துட்டு. ஏட்டி செல்வமாரி, நீயே வேலையப் பாரு. நான் மன்னிச்சிட்டேன்."

வெயிலுமுத்து ஆட்டோவிலிருந்து குதித்தே விட்டார். பிரேமலதா அவர் கையைப் பிடித்தாள். ஏனென்றால் செல்வமாரி முன்னால் வந்துகொண்டிருந்தாள். மைக்கைப் பிரேமலதாவிடமிருந்து வாங்கி, சோலைச்சாமியிடம் நீட்டினாள்.

"வேலைக்கு வாரேன் அண்ணாச்சி. நீங்க எங்கிட்ட மன்னிப்புகூடக் கேக்கவேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் இதுல சொல்லுங்க. எஞ்சின்ல எத ஊத்துனீய?"

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே…"

"யாருக்கும் தெரியாது. அக்கா இன்னும் அதச் சொல்லல. நீங்க சொல்லுங்க."

நிஜம்தான். பிரேமலதா அதை மட்டும் வாசிக்காமல் விட்டிருந்தாள். ஊரே சோலைச்சாமியின் வாயைப் பார்த்தது. அவர் இசக்கிமுருகனைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான். பாலம்மாளைப் பார்த்தார், அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மைக் அவர் மூச்சை வாங்கி ஊர் முழுக்க ஊதியது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் செல்வமாரி. "என் மவ கேக்கணும். வீட்டுக்குள்ளதான் இருக்கா."

"நல்லெண்ணெய்" என்றார் சோலைச்சாமி.

மீனாட்சியம்மாள்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்து குடம் வைத்திருந்த பெண்கள், அடுத்து ஆண்கள், கடைசியில் இசக்கிமுருகன், அவனுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாலம்மாள். செல்வமாரி சிரிக்கவில்லை. சோலைச்சாமியின் முன்னால் கையை நீட்டி, மிச்சமிருந்த இரண்டு சாவிகளையும் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். அழகிரிசாமியும் வெயிலுமுத்துவும் ஜெனரேட்டரை ரூமுக்கு வெளியே, திறந்த வெளியில் இறக்கிவைத்தார்கள். அவள் ஒயரை மாட்டி, கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

டேங்க்கில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மூன்று நாளாகக் காத்திருந்த தண்ணீர். ஆனாலும் ஒருத்தியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடவில்லை. இன்னும் சிரித்து முடியவில்லை.